ரசிகர் மலரில் பிறர் எடுத்த படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பிறந்தநாள் மலர், தீபாவளி மலர், ரசிகர் மன்ற ஆண்டு மலர் என்று தொகுப்பவர்களுக்காக இந்தப் பக்கம். மலேசியாவில் அச்சடித்து மலேசியாவில் கொடுக்கும் மலருக்கு 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே பொருந்தும். கீழே வரும் பிரிவு எண்களும் அந்தச் சட்டத்துடையவைதான். படம் சென்னையில் எடுக்கப்பட்டது என்பதால் இந்தச் சட்டம் விலகிப் போகாது. உறுப்பு நாடுகள் ஒன்றின் படைப்பை ஒன்று பாதுகாக்கும் பெர்ன் உடன்படிக்கையில் 1990 அக்டோபர் 1 முதல் மலேசியா இருக்கிறது. இந்தியப் படைப்புகளுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு.

நாங்கள் விற்கவில்லை, சும்மாதான் கொடுக்கிறோம். அப்போதும் அனுமதி வேண்டுமா?

வேண்டும். படி எடுப்பது, மக்களுக்கு விநியோகிப்பது ஆகிய இரண்டும் உரிமையாளரின் கையில் உள்ளவை. காசு வாங்கினீர்களா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. இன்னொன்று, இலவச மலர் என்று சொல்லிக்கொண்டாலும் பின்னட்டையில் நகைக்கடை, உள்ளே கேட்டரிங், கார் ஒர்க்‌ஷாப், சாப்பாட்டுக் கடை என்று விளம்பரம் இருக்கும். அந்தப் பக்கங்களுக்குப் பணம் வாங்கியிருந்தால் "வணிக நோக்கமே இல்லை" என்ற வாதம் நிற்காது.

"நன்றி: கூகிள்" என்று போட்டால் போதாதா?

போதாது. கூகிளுக்கு அந்தப் படத்தில் எந்த உரிமையும் இல்லை. அது தேடிக் காட்டியது, அவ்வளவுதான். "நன்றி: இணையம்" இன்னும் மோசம். படம் யாருடையது என்று தேடிப் பார்க்கவே இல்லை என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் அது. படைத்தவர் பெயரைப் போடுவது 25-ஆம் பிரிவின்படி அவருக்குச் சேர வேண்டிய மரியாதை. அனுமதி வேறு விஷயம். பெயர் போட்டால் அனுமதி தேவையில்லை என்றோ, அனுமதி வாங்கிவிட்டால் பெயர் தேவையில்லை என்றோ நினைக்க வேண்டாம்.

ஒரு நடிகரின் படத்துக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? நடிகரிடமா?

பெரும்பாலும் நடிகரிடம் இல்லை. படத்தில் இருப்பவருக்குப் பதிப்புரிமை கிடையாது. உரிமை முதலில் எடுத்தவருக்குப் போகும். ஆனால் 26-ஆம் பிரிவு இரண்டு இடங்களில் அதை மாற்றிவிடுகிறது: ஒருவர் வேலை கொடுத்து எடுக்கச் சொன்னால் எடுக்கச் சொன்னவருக்கும், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எடுத்தால் முதலாளிக்கும் உரிமை போய்ச் சேரும். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் ஒப்பந்தமே செல்லும்.

இதை வைத்துப் பார்த்தால் ஆளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சிரமமில்லை. திரைப்படத்தின் ஸ்டில், போஸ்டர், திரையிலிருந்து பிடித்த ஸ்கிரீன்ஷாட் என்றால் தயாரிப்பு நிறுவனம். இசை வெளியீட்டு விழாவில் நாளிதழ்காரர் எடுத்தது என்றால் அந்த நாளிதழ். வார இதழின் அட்டைப்பட ஷூட் என்றால் அந்த இதழ். கோலாலம்பூர் விமான நிலையத்தில் உங்கள் மன்றத் தம்பி தன் கைப்பேசியில் எடுத்தது என்றால் அந்தத் தம்பிதான் உரிமையாளர். அதிகம் குழம்புவது இங்கேதான்: செல்ஃபி இல்லாமல், தம்பி தன் கைப்பேசியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், பொத்தானை அழுத்தியவர் எடுத்தவர். நட்பில் எடுத்த ஒரு படத்துக்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. அதுவே மலரின் அட்டைப்படம் என்றால் அவரிடமும் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

படத்தை இங்கே வெளியிட்ட விநியோகஸ்தர் "போட்டுக்கோங்க" என்றார். போதுமா?

அவரிடம் இருப்பது பெரும்பாலும் திரையிடும் உரிமையும், அந்தத் திரையிடலுக்கு விளம்பரம் செய்யும் உரிமையும்தான். விளம்பரத்துக்கென்று வந்த ஸ்டில்லை வேறொருவர் மலரில் போட அனுமதிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சென்னையில் யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். விநியோகஸ்தரால் ரசிகர் மன்றத்துக்குக் கிடைக்கும் பெரிய உதவி அந்த மின்னஞ்சல் முகவரிதான்.

படத்தின் மக்கள் தொடர்பாளர் (பி.ஆர்.ஓ.) அனுப்பும் ஸ்டில் தொகுப்பும் அப்படித்தான். படம் வெளியாகும் சமயத்தில் செய்தி போடுவதற்காகக் கொடுக்கப்படுவது. மூன்று வருடம் கழித்துப் பிறந்தநாள் மலரில் முழுப் பக்கம் போட அது உரிமை தராது.

அனுமதிக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

27-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: உரிமத்தை எழுத்தில் கொடுத்தால்தான் செல்லும். தொலைபேசியில் "சரி தம்பி" என்றது கணக்கில் வராது.

எந்தப் படம் என்பதை வார்த்தையால் மட்டும் வர்ணிக்காதீர்கள். "வெள்ளை வேட்டியில் நிற்கும் படம்" என்றால் அப்படி நாற்பது இருக்கும். சிறிய நகலைக் கடிதத்திலேயே ஒட்டி, கோப்பின் பெயரையும் எழுதுங்கள். பிறகு மலரின் பெயர், எத்தனை பிரதி, எந்த அளவில் படம் வரும், அட்டையிலா உள்ளேயா, விலை உண்டா, விளம்பரம் உண்டா, பிடிஎஃப் வெளியிடுவீர்களா, படத்தை வெட்டவோ எழுத்தை மேலே ஏற்றவோ போகிறீர்களா, பெயரை எப்படிப் போட வேண்டும் என்பதெல்லாம் வர வேண்டும். உள்ளூர்ப் புகைப்படக்காரருக்கு இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் மன்றம் வெளியிடும் ஆண்டு மலரில், இத்துடன் இணைத்துள்ள தாங்கள் எடுத்த படத்தை உள்பக்கத்தில் அரைப்பக்க அளவில் வெளியிட அனுமதி கோருகிறோம். 300 பிரதிகள் அச்சிடுகிறோம்; பிரதி 5 ரிங்கிட்; மலரில் விளம்பரங்கள் உண்டு. அதே மலரின் பிடிஎஃப் மன்ற உறுப்பினர்களுக்கு மட்டும் அனுப்பப்படும். ஓரம் வெட்டுவதைத் தவிர வேறு மாற்றம் செய்யமாட்டோம். படத்தின் கீழ் தங்கள் பெயர் இடம்பெறும். படத்தின் உரிமை தங்களிடமே இருக்கும். மறுபதிப்புக்கோ பேனருக்கோ மீண்டும் தனியாகக் கேட்போம். இப்படத்துக்கு அனுமதி வழங்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதையும் உறுதிப்படுத்தக் கேட்டுக்கொள்கிறோம். சம்மதமெனில் கீழே கையொப்பமிட்டுத் தேதி இடவும்."

கடைசிக்கு முந்திய வரியை விட்டுவிடாதீர்கள். உரிமை இல்லாதவர் கொடுத்த அனுமதி உங்களைக் காப்பாற்றாது. ஆனாலும் நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு அந்த வரி சாட்சி. சென்னை நிறுவனங்களுக்கு இதே விவரங்களை ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். நீங்கள் தலைவரின் எவ்வளவு பெரிய ரசிகர் என்பதை முதல் பத்தியில் கொட்ட வேண்டாம். படிப்பவர் தேடுவது பிரதி எண்ணிக்கையையும் விலையையும்.

வாட்ஸ்அப்பில் "ஓகே" வந்தது. எழுத்துதானே?

எழுத்துதான். எதற்கு ஓகே என்பதுதான் சிக்கல். "அண்ணே, உங்க படம் ஒண்ணு போட்டுக்கலாமா?" என்ற கேள்விக்கு வந்த ஓகேயில் எந்தப் படம், எங்கே, எத்தனை பிரதி என்று எதுவுமே இல்லை. மேலே உள்ள விவரங்களை ஒரே செய்தியில் படத்தோடு சேர்த்து அனுப்பி, அதைக் குறிப்பிட்டு அவர் "சம்மதம்" என்று பதில் போட்டால் பயனுண்டு. உரையாடலை ஏற்றுமதி செய்து மன்றச் செயலாளரின் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் ஆதாரமும் தொலையும்.

எழுதினோம், பதிலே வரவில்லை.

மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, பதிப்புரிமைக்குச் சரிவராது. இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு படம் தேடுங்கள். அதனால்தான் அச்சுக்குப் போகும் நாளிலிருந்து இரண்டு மாதம் பின்னோக்கி எண்ணி அனுமதி வேலையைத் தொடங்கச் சொல்கிறோம். வடிவமைப்பு முடிந்த பிறகு அனுமதி கேட்பவர்கள்தான் "பரவாயில்லை, போடு" என்ற முடிவுக்குத் தள்ளப்படுகிறார்கள்.

விமர்சனத்துக்கு ஸ்டில் போடலாம் என்கிறார்களே?

போடலாம், அளவோடு. 13-ஆம் பிரிவு ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம், திறனாய்வு, நடப்புச் செய்தி போன்ற நோக்கங்களுக்கு நியாயமான கையாளுகையை அனுமதிக்கிறது. படைப்பின் பெயரையும் படைத்தவரையும் குறிப்பிட வேண்டும். நியாயமா என்று பார்க்க நான்கு விஷயங்களை அந்தப் பிரிவே சொல்கிறது: நோக்கமும் அது வணிகமா என்பதும், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, உரிமையாளரின் சந்தையில் ஏற்படும் பாதிப்பு.

ஒரு காட்சியில் ஒளி அமைந்த விதத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதி, அந்தக் காட்சியின் ஸ்டில்லைச் சின்னதாகப் பக்கத்தில் வைத்தால் அது விமர்சனம். அதே ஸ்டில்லைப் பக்கம் முழுக்க விரித்து "எங்கள் இதய தெய்வமே" என்று எழுதினால் அது போஸ்டர். நடுப்பக்க விரிப்பு, அட்டை, நாள்காட்டி மூன்றுக்கும் இந்த விலக்கை நம்பவே நம்பாதீர்கள்.

மீம்ஸ் பக்கம் போடுகிறவர்களுக்கு: நையாண்டி, கேலிச்சித்திரம் ஆகியவற்றுக்கும் அதே 13-இல் இடம் உண்டு. அந்தப் படத்தையே கேலி செய்தால் வாதம் பலமாக இருக்கும். மன்றப் பொருளாளரைக் கிண்டல் செய்ய நடிகரின் முகத்தை இரவல் வாங்கினால் பலவீனம்தான்.

எவ்வளவு பழைய படமென்றால் தாராளமாகப் போடலாம்?

புகைப்படம், ஓவியம் இரண்டுக்கும் படைத்தவரின் ஆயுள், அதற்கு மேல் 50 ஆண்டு. படத்தில் இருப்பவர் இறந்த ஆண்டு கணக்கில் வராது. துன் சம்பந்தன் 1979-இல் மறைந்தார், எம்.ஜி.ஆர். 1987-இல் மறைந்தார் என்பதை வைத்து எண்ணுகிறவர்கள் தவறான ஆளின் ஆயுளை எண்ணுகிறார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றவர் எப்போது இறந்தார் என்பதே கேள்வி. எடுத்தவர் பெயரே இல்லாமல் வெளியான படத்துக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 50 ஆண்டு.

திரைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். 1968-இல் வெளியான படத்துக்கு இங்கே 2018 டிசம்பர் 31-உடன் காலம் முடிந்தது. ஆனால் இந்தியாவில் 60 ஆண்டு. அங்கே 2028 முடியும்வரை உயிரோடு இருக்கும். சுங்கை சிப்புட்டில் அச்சுப் பிரதி கொடுப்பதில் சிக்கல் இல்லாத காட்சி, பிடிஎஃப் ஆக மதுரை ரசிகர் குழுவுக்குப் போனால் சிக்கலாகிறது. அதோடு, படச்சுருளிலிருந்து எடுத்த காட்சி வேறு, ஸ்டில் கேமராக்காரர் தனியாக எடுத்த படம் வேறு. இரண்டுக்கும் ஒரே கணக்கைப் போடாதீர்கள்.

தமிழ் நேசன் நின்றுபோய்விட்டது. அதில் வந்த பழைய படங்களை ஸ்கேன் செய்யலாமா?

1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றது உண்மை. நாளிதழ் நின்றால் உரிமை செத்துவிடாது. நிறுவனத்தின் சொத்து யாரிடம் போனதோ அவரிடம் போகும். காலம் கடந்துவிட்ட படங்களை மட்டும் எடுங்கள். எடுத்தால் நாளிதழின் பெயரையும் வெளியான தேதியையும் படத்தின் கீழேயே போடுங்கள்.

தோட்டத்துப் பழைய படங்கள் இருக்கின்றன. திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலத்துப் படங்கள். யாரிடம் கேட்பது?

ரசிகர் மலருக்கு இதைவிட நல்ல படம் கிடையாது என்பது எங்கள் கருத்து. நடிகரின் ஸ்டில் எல்லா மலரிலும் இருக்கும்; லயத்து வீட்டுச் சுவரில் ஒட்டிய போஸ்டருக்கு முன்னால் அண்ணன் தம்பிகள் நிற்கும் படம் உங்கள் மலரில் மட்டும்தான் இருக்கும்.

படத்தை வைத்திருப்பவர் வேறு, உரிமையாளர் வேறு. ஆல்பம் பாட்டி வீட்டில் இருக்கலாம். எடுத்தவர் பெரியப்பாவாக இருந்தால் உரிமை அவருக்கு, அவருக்குப் பிறகு அவருடைய வாரிசுகளுக்கு. டவுன் ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்த குடும்பப் படம், கல்யாணப் படம் என்றால் 26-ஆம் பிரிவு குடும்பத்துக்குச் சாதகம்: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. இருந்தாலும் அட்டையின் பின்புறம் இருக்கும் ஸ்டூடியோ முத்திரையைப் பார்த்துப் பெயரைப் போடுங்கள்.

தோட்டத்துக் கிராணியோ (எழுத்தர்) துரையோ (மேலாளர்) கம்பெனிக்காக எடுத்த படங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கும். கம்பெனிகள் கைமாறியிருப்பதால் தேட வேண்டியிருக்கும். கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றின் தோட்டங்களும் 2007-இல் ஒரே குடையின் கீழ் வந்தன. அந்தத் தோட்ட நிறுவனத்துக்கு இப்போது எஸ்டி கத்ரி என்று பெயர். தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து நகல் வாங்கினால், நகலோடு வெளியிடும் அனுமதியையும் சேர்த்து எழுதிக் கேளுங்கள்.

ஆல்பத்தை வாங்கி வரும்போது படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். பழைய ஒட்டுப் பக்கங்களில் படத்தின் பின்பக்கம் உரிந்து வந்துவிடும், அதில்தான் தேதியும் பெயரும் எழுதியிருக்கும். பக்கத்தோடு சேர்த்து 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படத்தைப் பெரிதாக்கிப் போட அது கைகொடுக்கும்.

புகைப்படத்தைப் பார்த்து நாங்களே வரைந்தால்?

ஒரு குறிப்பிட்ட படத்தின் கோணம், ஒளி, பாவனை எல்லாவற்றையும் அப்படியே பென்சிலில் கொண்டுவந்தால் அதுவும் படி எடுப்பதுதான். ஊடகம் மாறியதால் விடுதலை இல்லை. செயலியில் போட்டு ஓவியம்போல் மாற்றுவதும் அப்படியே. பல படங்களைப் பார்த்து முகத்தை மனதில் வாங்கி, சொந்தக் கோணத்தில் வரைந்த ஓவியம் வரைந்தவருடையது. மன்றம் கேட்டு வரையச் சொல்லியிருந்தால் உரிமை மன்றத்துக்குப் போகலாம். வரையும் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்; முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

விக்கிமீடியா காமன்ஸ் படங்கள்?

விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் இந்தப் பொதுக் கிடங்கு நல்ல வழி, நிபந்தனையைப் படித்தால். படைத்தவரே முன்கூட்டிப் பொதுவாகக் கொடுத்துவைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தில் பிஒய் என்றால் பெயர் போட வேண்டும். எஸ்ஏ என்றால் நீங்கள் மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். மலர் முழுவதையும் அல்ல. என்சி என்றால் வணிகம் கூடாது, விளம்பரம் உள்ள மலருக்கு ஒதுக்கிவிடுங்கள். என்டி என்றால் மாற்றக் கூடாது. பின்னணியை வெட்டி எறிந்துவிட்டுத் தீப்பிழம்பு வைக்கிற வேலை அங்கே நடக்காது.

படத்தின் கீழ் வரி இப்படி இருக்கட்டும்: "படம்: எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, ஓரம் வெட்டப்பட்டது." உரிமத்தின் இணைய முகவரியைக் கடைசிப் பக்கத்தில் ஒருமுறை அச்சிடுங்கள்.

நடிகர் படங்கள் பல பாலிவுட் ஹங்காமா தளத்திலிருந்து அங்கே வந்தவை. அந்தத் தளத்தின் அனுமதி அதன் சொந்தப் புகைப்படக்காரர்கள் விழாக்களிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் எடுத்தவற்றுக்கு மட்டும்தான். அதே தளத்தில் இருக்கும் போஸ்டர், ஸ்கிரீன்ஷாட் அதில் சேராது. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையில் தெரியும் போஸ்டரும் அப்படித்தான். அது நியாயப் பயன்பாடு என்ற பெயரில் அந்தக் கட்டுரைக்காக வைத்தது.

பத்துமலை முருகன் சிலையைப் படம்பிடித்துப் போடலாமா?

போடலாம். பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக நிற்கும் கலைப்படைப்பைப் படி எடுத்துக் கொடுக்க 13-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நீங்கள் எடுத்த படமாக இருக்க வேண்டும். இன்னொருவர் எடுத்த சிலைப் படத்தில் அவருடைய உரிமை இருக்கிறது.

நடிகரின் முகத்தை எங்கள் ஸ்பான்சர் விளம்பரத்தில் வைக்கலாமா?

வேண்டாம். இது பதிப்புரிமையைத் தாண்டிய பிரச்சினை. ரஜினிகாந்த் தன் பெயர், தோற்றம், பாணி தொடர்பாகத் தொடுத்த வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2023 ஜனவரியில் அவர் தரப்பு பொது எச்சரிக்கையும் விட்டது. மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் நடிகர் சிரித்தால், அவர் அந்தத் தூளைச் சிபாரிசு செய்கிறார் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். விளம்பரப் பக்கத்தில் கடையின் படம் போதும். கடைக்காரர் வற்புறுத்தினால், நடிகரின் நிறுவனத்திலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்லுங்கள். பேச்சு அதோடு முடியும்.

டிசைனர் படங்களைப் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம்.

பின்டரெஸ்ட்டிலிருந்து எடுத்திருப்பார். ஒவ்வொரு படத்தையும் கூகிள் லென்ஸிலோ டின்ஐ-யிலோ போட்டுத் தேடுங்கள். மிகப் பழைய தேதியில், மிகப் பெரிய அளவில் படம் எங்கே இருக்கிறதோ அதன் அருகில் மூலம் இருக்கும். மூலையில் நீர்க்குறி (வாட்டர்மார்க்) வெட்டப்பட்டிருந்தால் அந்தப் படத்தைத் தொடாதீர்கள். உரிமையாளரை அடையாளம் காட்டும் மின்னணுத் தகவலைத் தெரிந்தே நீக்குவதற்கு 36பி பிரிவு தனியாகவே இருக்கிறது.

அனுமதி கிடைத்தது. அச்சில் படம் மங்கலாக வந்தது, ஏன்?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 300 டிபிஐ-யில் அது 13.5 சென்டிமீட்டருக்கு மட்டுமே போதும். ஏ5 முழுப்பக்கத்துக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம் சேர்த்து 1,819-க்கு 2,551 பிக்சல் வேண்டும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சலில். எடுத்தவர் பெயர், தேதி அடங்கிய உள்தகவலும் அப்படி அனுப்பினால்தான் அழியாமல் வரும்.

பாட்டு வரிகளைப் படத்தின் மேல் போடலாமா?

வரிகளுக்கும் அதே ஆயுள் கூட்டல் 50 கணக்குதான். கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். இங்கே 2031 முடியும்வரை உரிமை உண்டு. கட்டுரைக்குள் ஓரிரு வரி மேற்கோள் வேறு, முழுப் பாட்டையும் பின்னணியாக அடிப்பது வேறு.

அச்சகத்தில் அனுமதிக் கடிதம் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஏன் கவலை?

பிரதியை உண்டாக்குபவர் அவர். 41-ஆம் பிரிவின்படி குற்றம் நிரூபணமானால் பிரதி ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 300 பிரதிக்குக் கீழ்வரம்பை மட்டும் பெருக்கினாலே 6 லட்சம் ரிங்கிட். சிவில் வழக்கில் சட்டபூர்வ இழப்பீடு படைப்பு ஒன்றுக்கு 25,000 ரிங்கிட் வரை. நல்லெண்ணத்தோடு செயல்பட்டோம், மீறல் என்று சந்தேகிக்கக் காரணமே இல்லை என்று நிரூபித்தால் 41-இல் தப்பிக்க வழி உண்டு. அதை நிரூபிப்பது உங்கள் கோப்பில் இருக்கும் கடிதங்கள்தான்.

அச்சகத்தின் பெயர் முகவரியும் வெளியிடுபவரின் பெயர் முகவரியும் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ வர வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் விதி. மலர் வருடம் ஒருமுறை என்பதை விட்டு மாத இதழாக மாறப்போகிறது என்றால் உள்துறை அமைச்சின் பெர்மிட் பற்றி முதலில் விசாரியுங்கள்.

மலர் வெளிவந்த பிறகு ஒருவர் "அது என் படம்" என்று செய்தி அனுப்பினார். என்ன செய்வது?

குழுவில் அவரைத் திட்ட வேண்டாம். அன்றே பதில் எழுதுங்கள்: படம் எங்கே கிடைத்தது, எத்தனை பிரதி போனது, எத்தனை மிச்சம் இருக்கிறது. மிச்சத்தைக் கொடுப்பதை நிறுத்துங்கள், பிடிஎஃப் இணைப்பை எடுத்துவிடுங்கள். அவர் எடுத்ததற்கு ஆதாரமாக வெட்டப்படாத மூலக் கோப்பைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலானோர் கேட்பது பெயரும் ஒரு சிறு தொகையும்தான். தொகை கொடுத்தால், இந்தப் பதிப்புக்கு இனி கோரிக்கை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு மிச்சப் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். வக்கீல் நோட்டீஸாக வந்திருந்தால் நீங்களாகப் பதில் எழுதாமல் வழக்கறிஞரிடம் எடுத்துப் போங்கள். நோட்டீஸில் கொடுத்திருக்கும் கடைசித் தேதியை முதலில் பாருங்கள்.

பத்து வருடத்து மலர்களை ஸ்கேன் செய்து முகநூலில் ஏற்றப்போகிறோம்.

அன்று வாங்கிய அனுமதி அச்சுக்கு மட்டும் என்றால் இணையத்துக்கு மீண்டும் கேட்க வேண்டும். பதில் வராத படங்களை மறைத்துவிட்டுக் கட்டுரைகளை மட்டும் ஏற்றுங்கள். கட்டுரை எழுதியவர்களிடமும் ஒரு வார்த்தை எழுதி வாங்க வேண்டும்.